மேசைமேல் பன்னிரண்டு மீட்டர்

தண்ணீர்த் தொழிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவரே சொல்லுவார். அவர் தொண்டை கட்டிக்கொண்ட நாளில் பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்லுவார்கள். மோட்டார்காரர் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்கு மட்டும்தான் பயன்பட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு ஸ்பானரோடு ஊருக்குள் நுழைந்து, யாரோ ஒருவருடைய பட்டறையில் சாக்கு விரித்துப் படுத்து, மோட்டாருக்குக் காயில் சுற்றக் கற்றுக்கொண்டு, கடைசியில் அதே பட்டறையை விலைக்கு வாங்கிய மனுஷன். அந்த வட்டாரத்தில் எந்தப் போர்க்குழாயில் எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். இன்னொருத்தர் சொத்தில் அவர் கைவைத்ததில்லை. சைக்கிளைக்கூட வாடகைக்கு எடுத்ததில்லை. வாங்குகிற வரைக்கும் நடந்தே போனார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு முள், சம்பந்தி. மகளின் மாமனார். காப்பீட்டுக் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை. எதைக் கேட்டாலும் "இதைப் பத்தி ஒரு கட்டுரை படிச்சேன்" என்று ஆரம்பிக்கிற வாய். இரண்டு பேரும் ஒரு கூடத்தில் உட்கார்ந்தால் மின்விசிறி ரிப்பேரிலிருந்து உலக விவகாரம் வரைக்கும் இழுபறிதான். மகளுக்கு நடுவில் நின்று நின்று அலுத்துவிட்டது. ஒருநாள் அவளும் மருமகனும் சேர்ந்து, இரண்டு அப்பாக்களுக்கும் கடலுக்கடியில் நீந்தக் கற்றுத்தரும் வகுப்பில் இடம் பிடித்துவிட்டார்கள்.

"தண்ணிக்குள்ள வாயில குழாய் இருக்கும்பா. ரெண்டு பேரும் பேச முடியாது. அதுக்காகத்தான்" என்றாள் மகள்.

சம்பந்தி பின்வாங்குவார் என்று மோட்டார்காரர் நினைத்தார். மோட்டார்காரர் பின்வாங்குவார் என்று சம்பந்தி நினைத்தார். ஆக இரண்டு பேரும் வகுப்பில் போய் நின்றார்கள். கற்றுக்கொடுத்தது ஒரு வாலிபப் பெண். சம்பந்தி அவளை 'கோச்' என்றார். மோட்டார்காரர் மரியாதையைக் கூட்டி 'கோச்சம்மா' என்றார்.

நீச்சல் குளத்துப் பாடம் முடிந்ததும் அவள் ஒரு தடித்த கடிகாரத்தைக் காட்டினாள். டைவ் கம்ப்யூட்டர். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறோம், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம், மேலே வரும்போது வேகமாக வருகிறோமா என்றெல்லாம் சொல்லும். ஆளுக்கு ஒன்று கட்டாயம்.

"புதுசா கத்துக்கறவங்க முதல்ல வாடகைக்கு எடுத்துப் பழகுங்க. எது கைக்குப் பொருந்துதுன்னு தெரிஞ்சதும் வாங்கிக்கலாம்."

"எல்லாக் கட்டுரையிலும் அப்படித்தான் போட்டிருக்கு" என்று சம்பந்தி உடனே ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

அது போதாதா மோட்டார்காரருக்கு? "வாடகைச் சாமானுக்கு எஜமான் யாருன்னே தெரியாது கோச்சம்மா. நேத்து ஒருத்தன், இன்னிக்கு ஒருத்தன். உசுரைக் காப்பாத்துற சாமானை நான் வாங்கித்தான் கட்டுவேன்."

"அப்ப புதுசா வாங்கிடுங்க சம்பந்தி" என்றார் மற்றவர், ஊசி ஏற்றுகிற குரலில்.

"ஓடிப் பார்த்த மெஷின்தான் மெஷின். புதுசு பல்லைக் காட்டும்."

பழைய மின்சாதனங்கள் விற்கிற தெருவில் அவருக்குத் தெரியாத கடை இல்லை. அங்கே ஒரு கண்ணாடிக்காரர், பூதக்கண்ணாடி மாதிரி தடித்த கண்ணாடி போட்டவர், உடைந்த ரேடியோக்களுக்கு அடியிலிருந்து அந்தக் கறுப்புக் கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். யாருடையது என்று கேட்டதற்கு, "ஒரு வீட்டைக் காலி பண்ணாங்க. மொத்தமா வந்துச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். பட்டையில் முந்தைய மணிக்கட்டின் வளைவு அப்படியே இருந்தது. மோட்டார்காரர் கட்டிப் பார்த்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி அதே துளையில் உட்கார்ந்தது. அப்போது அதை ராசி என்று நினைத்தார்.

பட்டறைக்குக் கொண்டுவந்து மூடியைக் கழற்றி, பேட்டரி மாற்றி, ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவி மூடினார். அடுத்த வகுப்பில் கோச் அதைத் தன்னுடையதோடு சேர்த்துக் குளத்தின் ஆழமான மூலையில் இறக்கிப் பார்த்தாள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் வரைக்கும் பிசகில்லை.

"பரவாயில்லையே சார். நல்ல பீஸ்தான்" என்றாள். மோட்டார்காரர் சம்பந்தி பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கே அவர் கொடுத்த விலை தகும்.

மறுநாள் மதியம் பட்டறையில் சாப்பாட்டு அடுக்கைத் திறந்து வைத்திருந்தார். மேசைமேல் பேரிங்குகளுக்கும் செம்புக் கம்பிச் சுருளுக்கும் நடுவில் கடிகாரம் கிடந்தது. திடீரென்று அது ஒருதரம் கூவியது. முகப்பில் வெளிச்சம். எட்டிப் பார்த்தார்.

மூன்று மீட்டர் என்றது.

உலர்ந்த மேசை. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் நான்கானது, ஐந்தானது. பிறகு தயங்கி நான்குக்குத் திரும்பியது. மறுபடி ஐந்து. அப்புறம் நிதானமாக இறங்கிப் பன்னிரண்டில் போய் நின்றது. பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று என்று அங்கேயே உலாத்திக்கொண்டிருந்தது. ஆழம் அளக்கிற சென்சார் போயிருக்கும் என்று அவர் சோற்றில் கைவைத்தார். மேல் அடுக்கு காலியாயிற்று. கீழ் அடுக்கும் காலியாயிற்று. எழுந்து கை கழுவக் குழாயைத் திறந்தபோது பின்னால் அது வீறிட்டது. ஈரக் கையோடு ஓடி வந்தார். இருபது. இருபத்து நான்கு. முப்பதைத் தாண்டி ஓடிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். திரும்பி ஏறவில்லை. விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது, பிறகு முகப்பு இருண்டது.

மறுநாளும் அதே மதியம், அதே கூவல். மூன்று, ஐந்து, நான்கு, ஐந்து, பன்னிரண்டு. அவர் கை கழுவப் போகிற நேரத்துக்கு அதே வீறிடல்.

மோட்டார்காரருக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்தார். துணியால் துடைத்தார், வெயிலில் வைத்தார், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தார். டப்பாவுக்குள்ளிருந்தும் கூவியது. பேட்டரியை உருவிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த அன்று கூவவில்லை. அப்பாடா என்று சாயங்காலம் பேட்டரியைத் திரும்பப் போட்டதுதான் தாமதம், விட்ட இடத்தைப் பிடிக்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டது. பாழடைந்த மோட்டாரைத் தட்டியே ஓட வைத்த கைகள் அவருடையவை. இந்தச் சின்னக் கடிகாரம் அவருக்குத் தண்ணி காட்டியது.

கோச்சிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சம்பந்தி காதுக்குப் போகும். போனால் அந்தக் கட்டுரைக்காரர் பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆகவே வீட்டில் மட்டும் சொன்னார்.

"பழைய சாமான், பழைய சாமான்னு பேயைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி. "போய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

"வாங்கினதைத் திருப்பிக் குடுத்த கையாடி இது?"

"அந்தக் கையைத்தானே அது தின்னப் பார்க்குது."

இருந்தாலும் அவளுக்கும் ஆவல். அடுத்த மதியம் சாப்பாட்டைத் தானே எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். தொடக்கத்திலிருந்து முகப்பு இருள்கிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. அவர் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"முன்னாடி வெச்சிருந்தவனுக்குக் காது சரியில்லை போல, அஞ்சுல நின்னு நின்னு இறங்கி, எங்கேயோ போய் விழுந்திருக்கான். அது உள்ளே சிக்கிக்கிச்சு. கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி அதையே திருப்பித் திருப்பி ஓட்டுது. அவ்வளவுதான் விஷயம்."

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்கிற ஆட்டம்.

"விழுந்தா ஒரே சீரா விழும்ங்க. கல்லு போட்டா எப்படிப் போவும்? இது அப்படிப் போவல. கடகடன்னு இறங்குது, ஒரு நொடி நிக்குது, மறுபடி இறங்குது. முன்னால யாரோ போறாங்க. அவங்களைப் பிடிக்கப் போவுது."

அவர் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு வாயைத் தாண்டவில்லை. பட்டறையில் எந்த மோட்டாரும் ஓடவில்லை. தெருவில்கூடச் சத்தமில்லை. மேசையில் அந்தக் கறுப்பு முகப்பு இரண்டு பேர் முகத்தையும் சிறிதாகக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"பழைய கதைதானே" என்றார். "நடந்து முடிஞ்சது நம்மளை என்ன பண்ணும்?"

அந்தச் சமாதானத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் முதல் கடல் முழுக்குக்குப் போனார். குளத்தில் சரியாகக் காட்டுகிறது, கோச்சே சொல்லிவிட்டாள். மேசையில் அது என்ன கூத்தடித்தால் என்ன? அன்று கடல் அடங்கக் காத்திருந்து மதியம்தான் படகு கிளம்பியது. படகுக்காரர், கோச், இரண்டு சம்பந்திகள். அவ்வளவு பேர்தான். மனைவியும் மகளும் மருமகனும் படகுத்துறையில் கையசைத்தார்கள்.

படகில் சம்பந்தி இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். குளத்தில் அவர் அமுங்காமல் தக்கை மாதிரி மிதந்தது பெரிய வேடிக்கையாகிப் போயிருந்தது.

"இன்னிக்கு இன்னொரு கட்டி சேர்த்துப் போட்டிருக்கேன்" என்றார் ரகசியமாக. "கோச் கிட்ட சொல்லாதீங்க. தினமும் தக்கை தக்கைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"தக்கைக்கு என்னத்தைக் கட்டினாலும் தக்கைதான்" என்று மோட்டார்காரர் சிரித்தார்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கொஞ்சம் இறங்கியதும் சம்பந்தியின் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. கோச் எல்லாரையும் நிறுத்தி அதை வெளியேற்ற வைத்தாள். மோட்டார்காரர் சும்மாதான் மணிக்கட்டைப் பார்த்தார். மூன்று மீட்டர்.

மறுபடி இறங்கினார்கள். ஐந்தில் அவருடைய வலது காது அடைத்து, ஊசி குத்துகிற மாதிரி வலித்தது. கோச் சைகை காட்ட, அவர் ஒரு முழம் மேலே ஏறி, மூக்கைப் பிடித்து ஊதிச் சரிசெய்துகொண்டு மறுபடி இறங்கினார்.

ஐந்து. நான்கு. ஐந்து.

முன்னாடி வைத்திருந்தவனுக்குக் காது சரியில்லை போல என்று பட்டறையில் உட்கார்ந்து அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயில் இருந்த காற்றுக் குழாய் முனையின், ரெகுலேட்டரின், ரப்பரை இறுகக் கடித்தார். அவருடைய மூச்சுச் சத்தம் அவருக்கே வேறு யாரோ பக்கத்தில் நின்று விடுகிற மாதிரி கேட்டது.

பன்னிரண்டில் தரை வந்தது. பவளப் பாறைகள், இடையில் வெள்ளை மணல், கூட்டமாகத் திரும்புகிற மீன்கள். கோச் ஒரு பாறை இடுக்கைக் காட்டினாள். சம்பந்தி சின்னக் கேமராவை நீட்டிக்கொண்டு அங்கும் இங்கும் போனார். அவர் பின்னாலேயே மோட்டார்காரரும் போக வேண்டும். இரண்டு பேரும் ஜோடி, ஒருவரை ஒருவர் விடக்கூடாது என்பது பாடம். பாறைமேல் ஏறினால் பதினொன்று. இறங்கினால் பன்னிரண்டு. ஏறினால் பதினொன்று.

அது பழைய கதையில்லை. அந்தக் கடிகாரம் இத்தனை நாள் மேசையில் கிடந்து அவரைத்தான் ஓட்டிக்காட்டியிருக்கிறது.

என்ன செய்வதென்று தெரியாமல் மனசு பட்டறைக்கு ஓடிச் சாப்பிட உட்கார்ந்தது. இப்போது மேல் அடுக்கு காலியாகியிருக்கும். இப்போது கீழ் அடுக்கைத் திறந்திருப்பேன். பாதி ஆகியிருக்கும். கை கழுவ எழுவதற்கு இன்னும் எத்தனை கவளம்?

நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச தூரத்தில் தரை முடிந்தது. கத்தியால் நறுக்கிய மாதிரி பாறை விளிம்பு, அதற்கப்பால் நீலம், அதற்குக் கீழே நீலமும் கறுத்துப் போன ஓர் ஆழம். சம்பந்தி கேமராவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு மீனைத் துரத்தி விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் அந்தக் கூடுதல் ஈயக் கட்டி. பாறையை உரசிக்கொண்டு போகும்போதே உடம்பு தொங்குகிறது. கோச் இன்னும் அந்த இடுக்கில் எதையோ டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால யாரோ போறாங்க. அவங்களைப் பிடிக்கப் போவுது. பெண்டாட்டி சொன்னது தண்ணீருக்குள் காதருகே கேட்டது.

மகளின் முகம் வந்தது. அந்த வீட்டில் அவள் வாழ வேண்டும். மாமனார் போன கடலில் அப்பா கூடவே இருந்தார் என்ற பேச்சோடு, தக்கை தக்கை என்று ஏளனம் செய்தவர் அவர்தான் என்ற பேச்சோடு, ஆயுசு முழுக்க அவள் வாழ வேண்டும். அதுவும் அப்பா திரும்பி வந்தால். மேசைமேல் அந்த எண் திரும்பி வந்ததே இல்லை.

காலை உதைத்துப் பாய்ந்தார். விளிம்புக்கு ஓர் ஆள் தூரத்தில் சம்பந்தியின் சிலிண்டர் பட்டையைப் பிடித்து இழுத்தார். சம்பந்தி திடுக்கிட்டுத் திரும்பினார். மோட்டார்காரர் கட்டைவிரலை மேலே காட்டினார். மேலே போகலாம் என்பதற்கு அதுதான் சைகை.

சம்பந்தி முகமூடிக்குள் முறைத்தார். தன் காற்று மானியைத் தூக்கிக் காட்டினார்: எக்கச்சக்கமாக இருக்கிறது, எதற்குப் போக வேண்டும்? கையை உதறிக்கொண்டு விளிம்புப் பக்கம் திரும்பினார்.

கீழ் அடுக்கு காலி. இனி எழுந்து குழாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது மோட்டார்காரர் பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். சம்பந்தியின் இரண்டு தோளையும் பற்றித் தன் பக்கம் திருப்பினார். கையை விரித்து ஆட்டினார்: சரியில்லை. பிறகு அந்தக் கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்குத்தான். என்னால் முடியவில்லை. கண்ணை அகல விரித்து, பயந்தவன் எப்படி விழிப்பானோ அப்படி விழித்தார். அதற்கு நடிப்பு அதிகம் தேவைப்படவில்லை.

சம்பந்தியின் கண்கள் சுருங்கின, பிறகு மலர்ந்தன. தண்ணீருக்கடியிலும் அந்த மலர்ச்சி தெரிந்தது. கேமராவைத் தொங்கவிட்டு, குழந்தையைப் பிடிப்பதுபோல மோட்டார்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கோச்சும் திரும்பிப் பார்த்து விரைந்து வந்தாள். மூன்று பேரும் கயிற்றை நோக்கிப் போனார்கள். ஏறத் தொடங்கினார்கள்.

அந்த நொடியில் மோட்டார்காரரின் மணிக்கட்டில் அது வீறிட்டது.

உடம்பு மேலே போகிறது. கயிறு கீழே வழுக்குகிறது. தலைக்கு மேலே படகின் அடிப்பாகம் பெரிதாகிக்கொண்டு வருகிறது. எண் மட்டும் பதினைந்து. பதினெட்டு. ஒரு நொடி நின்று, மறுபடி இருபது. ஐந்து மீட்டரில் வழக்கப்படி கயிற்றைப் பிடித்துக் காத்து நின்றபோது கோச் தன் மணிக்கட்டைக் காட்டினாள். அதில் ஐந்து. அவருடையதைக் காட்டச் சொன்னாள். அவர் அதை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, சரி என்று மறு கையால் சைகை செய்தார். கீழே குனிந்து பார்க்கத் துணிவில்லை. பார்த்தால், விளிம்பைத் தாண்டி அந்தக் கறுத்த நீலத்துக்குள் ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் இறங்கிப் போய்க்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. இரண்டு பேருடைய முதுகும் தனக்குத் தெரிந்த முதுகாக இருக்கும் என்றும் தோன்றியது.

படகில் ஏறியதும் சம்பந்தி வாயிலிருந்து ரெகுலேட்டரைத் துப்பினாரோ இல்லையோ, ஆரம்பித்துவிட்டார்.

"பயந்துட்டார்! படகுக்காரரே, நம்ம சம்பந்தி பயந்துட்டார். கண்ணு முழி வெளிய வந்துடுச்சு. நான்தான் கையைப் பிடிச்சு மேலே கொண்டாந்தேன். கோச், நீங்களே சொல்லுங்க."

"முதல் தடவை சார், எல்லாருக்கும் வரும்" என்றாள் கோச். பிறகு அவிழ்த்த பெல்ட்டைக் கையில் தூக்கிப் பார்த்தவள் குரல் மாறியது. "இதுல யாரு இன்னொரு கட்டி போட்டது? சார், விளிம்புல மட்டும் இதோட கால் தவறியிருந்தா…"

"ஒண்ணும் ஆகலையே, விடும்மா" என்றார் சம்பந்தி. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, இருமி, மூக்கைச் சிந்தி, சத்தமாகச் சிரித்தார். மோட்டார்காரர் எதிர்ப்பலகையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் மூச்சு விடுவது அவருக்கு அலுக்கவே இல்லை.

"என்ன சம்பந்தி, ஏதோ கூவுதே?"

"பேட்டரி."

"அதான் சொன்னேன், வாடகைக்கு எடுங்கன்னு."

"தப்புதான் சம்பந்தி" என்றார் மோட்டார்காரர்.

சம்பந்திக்கே அது என்னவோபோல் ஆகிவிட்டது. அடுத்த கேலியை வாயிலேயே வைத்துக்கொண்டார்.

படகுத்துறையில் செய்தி அவர்களுக்கு முன்னால் கரையேறிவிட்டது. படகிலிருந்தே சம்பந்தி கூவிச் சொல்லிவிட்டார். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடி வந்தாள்.

"நிஜமாவாப்பா? நீங்களா பயந்தீங்க?"

"ஆமாம்மா. உங்க மாமனார் மட்டும் இல்லேன்னா நான் திரும்பி வந்திருக்க மாட்டேன்."

அவள் சிரிப்பு நின்றது. அப்பாவை ஒருதரம் பார்த்தாள், மாமனாரை ஒருதரம் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்காமல் இரண்டு பேருடைய கையையும் பிடித்துக்கொண்டாள்.

மனைவியின் கண் நேராக அவருடைய மணிக்கட்டுக்குத்தான் போனது. முப்பதைத் தாண்டி, மதியம் மதியம் நின்ற அதே எண்ணில் அது நின்றுகொண்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிற படகுத்துறையில், விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சம்பந்தியைப் பார்த்தாள். மருமகனிடம் கேமராவைக் காட்டி ஒரு மீனைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார் அவர். மறுபடி கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார்.

அவள் முந்தானையை இழுத்து அந்த மணிக்கட்டின்மேல் சுற்றி, சத்தம் வெளியே கேட்காதபடி இரண்டு கையாலும் இறுகப் பொத்திக்கொண்டாள். துணிக்குள் அது இன்னும் துடித்தது.

"சம்பந்தி" என்று குரலை உயர்த்தினாள், "வீட்டுக்கு வாங்க. நீங்க என் கண்ணு முன்னால உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடாம இன்னிக்கு உங்களை அனுப்ப மாட்டேன்."